உடுப்புத் தோய்க்கும் தண்ணீர் எங்கே போகிறது?

கொழும்பு மாநகரின் கழிவுநீர் கடலுக்குள் போகும் வாய்கள் இரண்டு. தெற்கே ஒன்று வெள்ளவத்தையில். வடக்கே மற்றொன்று கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில். ஆங்கிலேயர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட குழாய்களும் பின்னர் சேர்ந்தவையும் வீடுகள், தொடர்மாடிகள், சாப்பாட்டுக் கடைகள் என எல்லா இடத்து அழுக்கையும் திரட்டிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கிருந்து கடலடிக் குழாய்கள் அதைக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் கொண்டுபோய் விடுகின்றன. சுத்திகரித்த பிறகே விட வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2009இல் அதற்கென ஒரு திட்டமும் தொடங்கப்பட்டது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக இந்த நகரம் தன் கழிவுநீரை அப்படியே கடலிடம் ஒப்படைத்து வந்திருக்கிறது.

இந்த நகரில் தமிழர் அடர்ந்து வாழும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இந்த இரண்டு வாய்களின் அருகிலேயே இருக்கின்றன. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிவரை வந்து நகரின் வடக்கையும் தெற்கையும் ஒன்றாக்குகிறது. நிலத்தடியில் ஓடும் குழாய்களும் இரண்டையும் ஒரே கடலில் இணைக்கின்றன. அந்தக் கடலுக்குள் நாம் நாள்தோறும் எதை அனுப்புகிறோம் என்று கேட்டால் மலம், சவர்க்காரம், எண்ணெய் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நாம் உடுத்தும் உடுப்பும் அதில் சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது நம்மில் பலரின் கவனத்துக்கு வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இழை

பொலியெஸ்டர் என்பது பெற்றோலியத்திலிருந்து இழுக்கப்படும் பிளாஸ்டிக் நூல். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு டெரிலீன் போன்ற பெயர்களில் அது உலகெங்கும் பரவியது. கசங்காது, விரைவில் காயும், நிறம் மங்காது, விலை குறைவு. இத்தனை குணங்களும் உண்மையானவை. அதனால்தான் 2023இல் உலகில் உற்பத்தியான இழைகளில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 57 சதவீதம், பொலியெஸ்டராகவே இருந்தது. பருத்தி 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கம்பளி வெறும் 1 சதவீதம்.

சிக்கல் துணியைத் தோய்க்கும்போது தொடங்குகிறது. இயந்திரத்தில் துணிகள் ஒன்றோடொன்று உராயும்போது தலைமயிரிலும் மெல்லிய இழைகள் உதிர்கின்றன. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 6 கிலோ துணியை ஒருமுறை தோய்த்தால் பொலியெஸ்டரிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் இழைகளும் அக்ரிலிக்கிலிருந்து 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளும் உதிரக்கூடும். மலைக்கும் குளிருக்கும் என்று விற்கப்படும் ஃபிளீஸ் ஜக்கெட் மென்மையாக இருப்பதற்குக் காரணம், அதன் மேற்பரப்பைக் கிளறி இழை நுனிகளை எழுப்பியிருப்பதுதான். எழுப்பிய நுனிகள் எளிதில் உதிரும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, கடலுக்குப் போகும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில், அதாவது நுண்துகளாகவே கடலைச் சேரும் பிளாஸ்டிக்கில், 35 சதவீதம் செயற்கைத் துணிகளைத் தோய்ப்பதிலிருந்தே வருகிறது என்று மதிப்பிட்டது.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்தது. அதிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணிகள் கடலில் கொட்டி, கரை வெள்ளையாகக் கிடந்த காட்சியை இந்த நாடு மறக்கவில்லை. மீனவர் கடலுக்குப் போக முடியாமல் இருந்தனர். ஆமைகள் செத்து ஒதுங்கின. படையினரும் தொண்டர்களும் மண்ணைச் சலித்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குருணிகளுக்குப் பொறுப்பாளி யார் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. நம் வீட்டுக் குழாய் வழியே போகும் இழைக்கு அப்படி ஒருவரைச் சுட்ட முடியாது. அதில் எல்லோருக்கும் பங்கு இருப்பதாலேயே அது யாருடைய பொறுப்பும் அல்லாததுபோல் ஆகிவிட்டது. இந்த நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

கம்பளி செய்யும் வேலை

வெளியில், குளிரில், மழையில் உடுக்கும் உடுப்புக்குப் பிளாஸ்டிக்கை விட்டால் வழியில்லை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அது சரியல்ல. துணியியல் பாடநூல் தரும் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பொலியெஸ்டர் தன் எடையில் 0.4 சதவீத ஈரத்தையே உறிஞ்சும். பருத்தி 8.5 சதவீதம். கம்பளி 16 சதவீதத்தை ஒட்டி. கம்பளி தன் எடையில் 30 சதவீதம்வரை நீராவியை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. அப்படி இழுக்கும்போது சிறிது வெப்பத்தையும் விடுகிறது. அதனால்தான் மலையேறுபவர் வியர்த்து நின்றாலும் கம்பளி அவரை நடுங்க விடுவதில்லை. வியர்வை நாற்றமும் அதில் எளிதில் பிடிக்காது. வெளியில் தொங்கவிட்டுக் காற்றாட வைத்தால் போதும் என்பதால் தோய்க்கும் தடவைகள் குறைகின்றன. மயிரும் நகமும் எந்தப் புரதத்தாலானவையோ அதே கெரற்றினால் ஆனது என்பதால் மண்ணில் மக்கிப்போகும். நெருப்பு பட்டால் கருகி நிற்கும். பொலியெஸ்டரோ சுமார் 250 பாகை செல்சியஸில் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

இது நமக்குப் புதிய பொருளும் அல்ல. கடல் கடந்து வந்த தமிழர்களின் முதுகில் இந்த நாட்டு மலைகளில் ஏறிய மழையுடுப்பே கம்பளிதான். 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் தோட்டத் தொழிலாளர் மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும்போது தடித்த கம்பளியைக் கொங்காடையாக மடித்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்கள். அதைப் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. நனைந்தால் அது பாரமாகும். அதன் விலையைத் தோட்டம் தொழிலாளியின் கணக்கில் பற்று எழுதிக் கடனோடு சேர்த்தது. ஆனாலும் இரவில் லயத்தில் அதே கம்பளி பாயாகவும் போர்வையாகவும் ஆனது. கிழிந்த பிறகு மண்ணோடு மண்ணாகப் போனது. இன்று மலையகத்தில் மழை பெய்தால் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்களைக் காண்கிறோம். சில மாதங்களில் கிழியும் அந்தத் தாள் தேயிலைத் தூரில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உழைப்பவருக்கு நல்ல மழையுடுப்பு வேண்டும் என்ற கேள்விக்கு நூறு ஆண்டு கழித்து நாம் தந்திருக்கும் விடை அந்தத் தாள்தான் என்றால், அது நமக்குப் பெருமை தராது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கம்பளிக்கு என்ன ஆயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் மெரினோ உள்ளிட்ட ஆடுகளோடு கலந்து உருவான நீலகிரிச் செம்மறி இனம் இன்று அருகிவிட்டது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் மெல்லிய உரோமம் தரும் ஆடுகளைக் காத்துவருகின்றன. தக்காணத்திலோ, சொரசொரப்பான ஆட்டு உரோமத்துக்கு வாங்குவார் இல்லாமல் இடையர்கள் கத்தரித்து எறியும் நிலை. செயற்கை நூற் போர்வை மலிவாக வந்ததும் கம்பளி நெய்தவர்களின் சந்தை சரிந்தது. ஆக, நமக்கு மிக அருகிலேயே ஒரு பக்கம் உரோமம் வீணாகிறது. மறுபக்கம் பிளாஸ்டிக் போர்வை குவிகிறது.

கொழும்புக்குக் கம்பளியா?

வெள்ளவத்தையின் வெக்கையில் கம்பளி உடுக்கச் சொல்வது அறியாமை என்று யாரும் சொல்லலாம். சொல்ல வேண்டியதும்தான். நகரில் அன்றாடம் உடுக்கப் பருத்தியே ஏற்றது. ஆனால் இந்த நகரத்தவர் குளிருக்கு உடுப்பு வாங்காமல் இல்லை. மார்கழி தொடக்கம் வைகாசிவரை 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையை இரவில் ஏறுகிறோம். ஏப்ரலில் நுவரெலியா போகிறோம். கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ படிக்கப் போகும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுகிறோம். அப்போதெல்லாம் வாங்குவது பெரும்பாலும் பொலியெஸ்டர் ஃபிளீஸ் அல்லது அக்ரிலிக் ஸ்வெட்டர். ஒரு பயணத்துக்கு உடுத்து, பல தடவை தோய்த்து, உருண்டை உருண்டையாகப் பொங்கியதும் எறிகிறோம்.

ஆகவே நாம் சொல்வது எளிது. குளிருக்குக் கம்பளி, வெயிலுக்குப் பருத்தி, இரண்டிலும் இயற்கை இழை முதலில். செயற்கை இழை உண்மையில் தேவைப்படும் இடங்கள் உண்டு. மீனவரின் மழைச்சட்டை, தீயணைப்பாளரின் உடை, நீச்சலுடை போன்றவற்றில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை. தேவையே இல்லாத இடங்களில் அது எப்படி நுழைந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. ஹெவ்லொக் வீதியில் இன்று உயர்ந்து நிற்கும் ஹெவ்லொக் சிற்றி மாடிகளின் இடத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்த ஆலையில் பருத்தி நூற்றுத் துணி நெய்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தார்கள். 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா தலைமையில் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்த நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. அந்த ஆலை போய்விட்டது. 1977இல் சந்தை திறந்து இறக்குமதித் துணி மலிவாகக் குவிந்தபோது, யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தழைத்திருந்த கைத்தறிகள் பல ஓய்ந்தன. மருதமுனை போன்ற ஊர்கள் இன்றும் தறியை விடாமல் இருப்பது அவர்களின் மனவுறுதியால். 1978க்குப் பின் கட்டுநாயக்கவிலிருந்து வளர்ந்த ஏற்றுமதித் தையல் தொழில் நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. ஆனால் உலகுக்கே உடுப்புத் தைக்கும் நாடு, தன் பிள்ளைகள் எதை உடுக்கிறார்கள் என்று சிந்திப்பதை விட்டுவிட்டது.

எதிர்ப்பக்க நியாயங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது விலை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு குடும்பம் உடுப்புக்கு ஒதுக்கும் பணம் எவ்வளவு சுருங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் டீசேர்ட்டை வாங்கும் தாயைக் குற்றம் சொல்வது அநீதி. பொறுப்பு வசதிக்கேற்பப் பிரிய வேண்டும். வசதி உள்ளவர் முதலில் மாற வேண்டும். ஏழையின் கையில் மலிவான நல்ல பருத்தி கிடைக்கச் செய்வது அரசின் பங்கு.

இரண்டாவது, இயற்கை இழையும் குற்றமற்றதல்ல. ஆடு மீதேன் வாயுவை விடுகிறது. பருத்தி தண்ணீரையும் பூச்சிமருந்தையும் விழுங்குகிறது. உண்மை. உலகில் 1 சதவீதமே உள்ள கம்பளியால் எல்லோரையும் உடுத்தவும் முடியாது. ஆகவே குறைவாக வாங்கி, நீண்ட காலம் உடுத்தி, கிழிந்தால் தைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பதும் இந்த மாற்றத்தின் பகுதியே. ஒரு நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உதவும். அந்து அரிக்காமல் இருக்க வெயிலில் உலர்த்தி வேப்பிலையோடு மடித்து வைக்கலாம். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் துவாயில் விரித்துக் காயவிட வேண்டும்.

மூன்றாவது மீள்சுழற்சி. போத்தலிலிருந்து பொலியெஸ்டர் நூல் எடுக்கும் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. 2019 உலகக் கிண்ணத்தில் நம் கிரிக்கெட் அணி உடுத்த சட்டை, கடலில் சேர்ந்த பிளாஸ்டிக்கை எடுத்து எம்.ஏ.எஸ். ஆடை நிறுவனம் செய்தது. குப்பையை வளமாக்கும் இந்த முயற்சிகளை மதிக்கிறோம். ஆனால் மீள்சுழற்சி செய்த பொலியெஸ்டரும் தோய்க்கும்போது இழை உதிர்க்கவே செய்யும். போத்தலாக இருந்தவரை கையால் பொறுக்க முடிந்த பிளாஸ்டிக், இழையாகிவிட்டால் யாராலும் பொறுக்க முடியாததாகிறது.

யார் எதைச் செய்ய வேண்டும்

வீடுகளிலிருந்து தொடங்கலாம். வாங்கும்போது கழுத்துப்பட்டிக்கு உள்ளே தைத்திருக்கும் சிறு சீட்டைப் படியுங்கள். கடைகளில் 'உல்லன்' என்று விற்கப்படும் பின்னல் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பல் பொடியாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு சுருங்கி, விரலில் நசுக்கினால் நொறுங்கும். பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் ஒருவர் இதைக் காட்டினால், பிள்ளைகள் வீட்டில் உள்ள அத்தனை உடுப்பையும் சரிபார்த்துவிடுவார்கள். ஏற்கனவே உள்ள செயற்கை உடுப்பை எறிய வேண்டாம். இயந்திரம் நிறைந்த பிறகு, சுடுநீர் இல்லாமல், குறுகிய நேரம் தோய்த்தால் உதிரும் இழை குறையும்.

அடுத்து பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும். ஆண்டு தொடக்கத்தில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒவ்வொரு பிள்ளையும் இல்ல நிறத்தில் ஒரு டீசேர்ட் வாங்குகிறது. கொளுத்தும் வெயிலில் உடுக்கும் அந்த உடுப்பே பல இடங்களில் பொலியெஸ்டர். மொத்தமாக வாங்குவது பாடசாலை என்பதால் துணியைத் தெரிவு செய்யும் பலமும் அதன் கையில்தான் இருக்கிறது. 1993 முதல் இலவசமாகச் சீருடைத் துணி வழங்கிவரும் அரசும், அண்மைய ஆண்டுகளில் அதில் பெரும்பங்கைச் சீனாவின் அன்பளிப்பாகப் பெறும்போது, துணியில் எவ்வளவு பருத்தி இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

கோயில்களும் தேவாலயங்களும். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயமும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் நிற்கும் சுற்றாடலில் ஆண்டு முழுவதும் திருவிழா. தொண்டர் அணிக்கு அச்சடித்த செயற்கை டீசேர்ட்டுக்குப் பதிலாகப் பருத்திச் சால்வையோ கைத்தறிச் சட்டையோ கொடுத்தால், உபயகாரரின் பணம் மருதமுனைத் தறிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேரும். கற்பூரத்துக்கும் தீபத்துக்கும் நடுவே நிற்பவருக்கு உருகும் துணி ஆபத்தும்கூட.

காலி வீதியிலும் கைசர் வீதியிலும் உள்ள துணிக்கடைக்காரர் பருத்தியையும் கம்பளியையும் தனித் தட்டில் வைத்து, கலவை எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதி வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து உறவுகளுக்கு உடுப்பு அனுப்புவோர், பெட்டி நிறைய ஃபிளீஸ் அனுப்புவதை விட ஒரு நல்ல கம்பளியை அனுப்பலாம். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் மழையுடுப்பை ஒரு தொழில் உரிமையாகவே பேச வேண்டும்.

மாநகர சபைக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் உள்ள கடமை யாராலும் ஈடுசெய்ய முடியாதது. நல்ல சுத்திகரிப்பு நிலையம் நுண்ணிழைகளில் பெரும்பகுதியைச் சேற்றில் பிடித்துவிடும். வெள்ளவத்தை, முகத்துவாரம் என்ற இரண்டு வாய்களிலும் சுத்திகரிக்காத ஒரு துளியும் கடலுக்குப் போகக்கூடாது என்பதை நகரத்தின் இலக்காக அறிவிக்க வேண்டும். வேலை எந்த அளவில் நிற்கிறது என்று ஆண்டுதோறும் மும்மொழியிலும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சீட்டைப் படித்து வாங்கிய பருத்தி, குழாயைச் சீர்செய்யாத அரசுக்குச் சாக்காகிவிடக்கூடாது. குழாய் சீராகட்டும் என்று காத்திருப்பது வீட்டுக்காரருக்கும் சாக்காகிவிடக்கூடாது.

நம்மால் மாற முடியும் என்பதற்குச் சான்று உண்டு. மீதொட்டமுல்லக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் சாப்பாட்டுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளுக்குத் தடை வந்தது. தடையை எல்லோரும் முழுதாகப் பின்பற்றவில்லை. ஆனாலும் வாழையிலை மீண்டும் பல கடைகளுக்கு வந்தது. வீட்டுக் குப்பையைத் தரம்பிரிப்பது நகரில் ஒரு பழக்கமானது. சட்டம் கதவைத் திறந்தது. கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்தே அதற்குள் நுழைந்தார்கள். அன்று உயிர்கள் போன பிறகுதான் விழித்தோம். இந்த முறை அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முதல் அடியாக ஒன்றே ஒன்றைக் கேட்கிறோம். வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனைவரை உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோரும் பழைய மாணவரும் இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு மேசையில் அமர்ந்து, அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முழுப் பருத்திச் சட்டை என்று தீர்மானிக்கட்டும். எல்லாப் பாடசாலைகளுக்கும் சேர்த்து ஒரே கட்டளையாகக் கொடுத்தால் விலை இறங்கும். உள்ளூர்த் தையலகங்களுக்கு வேலை கிடைக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளில் துணிபற்றிய பேச்சு தொடங்கும். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. அமர்ந்து பேசி ஒருமுகமாகத் தீர்மானித்தால் போதும்.